கன்று, சீம்பால், எதிர்ப்பொருள்: பால் சொசைட்டி வாசலில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் பக்கம் என் அம்மா பிறந்த ஊர். கால்நடை மருத்துவம் படித்து, பிறகு சில வருடம் ஆய்வகத்தில் மாடுகளின் நோய் எதிர்ப்பைப் பற்றி வேலை பார்த்துவிட்டு இப்போது இங்கேயே இருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்குத் தூக்குவாளியோடு சொசைட்டி வரிசையில் நிற்பவர்கள், தடுப்பூசி முகாமுக்கு மாட்டை ஓட்டி வருபவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர் என்று பலரும் கேட்டதையே கேட்கிறார்கள். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லியாயிற்று. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் நஞ்சுக்கொடி பற்றிய நாலாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

"ஆன்டிபாடி ஆன்டிபாடிங்கிறியே, அது என்னத்தா? ஊசி மருந்தா, சத்தா?"

மருந்தும் இல்லை, சத்தும் இல்லை. மாட்டின் உடம்பு தானே செய்துகொள்ளும் ஒரு புரதம். பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருக்கும். உண்டிவில்லுக்கு வெட்டும் கவட்டைக் குச்சியின் உருவம் அதற்கு. கவட்டையின் இரண்டு நுனிகளும் ஒரு குறிப்பிட்ட கிருமியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் அந்தக் கிருமி செல்லுக்குள் நுழையத் தடுமாறும். ரத்தத்தில் சுற்றும் வெள்ளையணுக்களும் அதை எளிதாக அடையாளம் கண்டு விழுங்கிவிடும். ஒரு வீட்டுப் பெட்டகச் சாவி அடுத்த வீட்டுப் பெட்டகத்தைத் திறக்காது அல்லவா? அதுபோலக் கோமாரிக்கு எதிரான எதிர்ப்பொருள் தொண்டை அடைப்பானுக்கு உதவாது.

இதைச் செய்வது பி செல் என்ற வெள்ளையணு. ஒரு பி செல் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். தனக்குப் பொருந்தும் கிருமியைச் சந்திக்கும்வரை அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சந்தித்ததும் பெருகி, ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாக மாறி விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைக் கொட்டும். மீதிச் செல்களில் சில நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். புதுக் கிருமியென்றால் இதற்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முன்பே பார்த்த கிருமியென்றால் வேலை வேகமாக நடக்கும்.

"அதென்ன பி? ஏ செல், சி செல்லெல்லாம் உண்டா?"

பி வந்தது கோழியிலிருந்து. இளங்கோழியை அறுத்துச் சுத்தம் செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள்: எச்சத்துவாரத்துக்கு மேலே சுண்டைக்காய் போல ஒரு சிறு பை இருக்கும். கிழட்டுக் கோழியில் அது சுருங்கி மறைந்திருக்கும். அதன் பெயர் பர்சா. அந்தப் பையை எடுத்துவிட்ட கோழிகளால் எதிர்ப்பொருள் செய்ய முடியவில்லை என்று அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர் கண்டறிந்து 1956இல் வெளியிட்டார். பர்சாவின் முதலெழுத்துதான் பி.

மாட்டுக்குப் பர்சா கிடையாது. மனிதருக்கும் எலிக்கும் பி செல் எலும்பு மஜ்ஜையிலேயே பெரும்பாலும் உருவாகித் தயாராகிறது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், குடல்சுவரோடு ஒட்டி நீளப் பட்டையாக ஒரு திசு இருக்கிறது. பி செல்கள் பெருகி விதவிதமாக மாறுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கோழியின் பர்சாவைப் போலவே மாடு வளர வளர அதுவும் சுருங்கிவிடும். இளங்கன்றின் குடல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"மனுசப் புள்ளை மாதிரி கன்னுக்குட்டிக்கும் வயித்துக்குள்ளயே எதிர்ப்பு சக்தி வந்துருமில்ல?"

வராது. பெண்களின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் கருவுக்குப் போகிறது. நம் பிள்ளைகள் தாயின் எதிர்ப்பொருளோடுதான் பிறக்கின்றன. பசுவின் கொடி வேறு மாதிரி. விழுந்த கொடியைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அதில் காசு காசாகச் சிவந்த சதைத் திட்டுகள் இருக்கும். கருப்பையின் உள்சுவரில் உள்ள குமிழ்களில் அந்தத் திட்டுகள் பொருந்தி நிற்கும். தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் அடுக்குகள் கலையாமல் அப்படியே இருப்பதால் எதிர்ப்பொருள் போன்ற பெரிய புரதம் கடக்க முடியாது.

அதனால் கன்று தரையில் விழும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறக்குறைய இல்லை. அதற்கென்று பி செல்கள் உண்டு. ஆனால் அவை வேலையைக் கற்றுப் போதுமான அளவு எதிர்ப்பொருள் செய்ய வாரங்கள் ஆகும். சாணமும் மூத்திரமும் கலந்த தொழுவத்தில், ஈரமாக, வெறும் உடம்போடு நிற்கும் ஓர் உயிரை நினைத்துப் பாருங்கள். அதுதான் புதுக்கன்று.

"கொடி விழுகாம கன்னுக்குப் பால் விடக்கூடாதும்பாக, நெசமா?"

இல்லை. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நான் பத்தாவது படித்த வருடம் அம்மாயி வீட்டுச் செவலைப் பசு இரவு எட்டு மணிக்குக் கிடேரி போட்டது. கொடி மறுநாள் உச்சிக்குத்தான் விழுந்தது. அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்த பிறகுதான் கன்றை அவிழ்த்து விட்டார்கள். பதினாறு மணி நேரம். இடையில் சீனித் தண்ணீர் மட்டும் கொடுத்தோம். மூன்றாம் நாள் வெள்ளைக் கழிச்சல் தொடங்கியது. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது கண்கள் உள்ளே போய், காது சில்லிட்டுக் கிடந்தது. அம்மாயி அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தார், சப்பவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நடப்பது இதுதான். பிறந்த கன்றின் சிறுகுடல் சில மணி நேரம் மட்டும் பெரிய புரதங்களை உடைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். சீம்பாலில் செரிமான நொதியைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. எதிர்ப்பொருள் வயிற்றில் சிதையாமல் போய்ச் சேர அது உதவும். ஆனால் இந்த வாசல் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய அடைந்துவிடும். பதினாறு மணி நேரம் கழித்து எவ்வளவு நல்ல சீம்பால் கொடுத்தாலும் பெரும்பகுதி வெறும் உணவாகத்தான் போகும்.

கொடிக்கும் இது நல்லது. கன்று மடியை முட்டிச் சப்பும்போது பசுவின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கும். பாலை இறக்கும் அதே சுரப்புதான் கருப்பையையும் சுருங்க வைக்கும். கொடியை ஆலமரத்தில் கட்டுங்கள், அது உங்கள் வழக்கம், அதில் ஒரு தப்பும் இல்லை. பாலை மட்டும் முதலில் கொடுத்துவிடுங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் கொடி விழாவிட்டால் கையை விட்டு இழுக்காமல் மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

"எம்புட்டு சீம்பால் குடுக்கணும்? கூடுனா கழியாதா?"

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கைக்கணக்கு. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். அதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மீதியில் பெரும்பகுதியை ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சப்பத் தெம்பில்லாத கன்றுக்குக் கறந்து, இளஞ்சூட்டில், காம்புப் புட்டியில் கொடுக்கலாம். மூங்கில் குழாயை வாயில் செருகிப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

சீம்பாலால் கழிச்சல் வருகிறது என்பது தலைகீழான கணக்கு. முதல் நாள் கொஞ்சம் இளக்கமாகச் சாணம் போடும், அது இயல்பு. உயிரை வாங்கும் கழிச்சல் கிருமியால் வருவது. அந்தக் கிருமியைத் தடுப்பதே சீம்பால்தான்.

"சீம்பாலை நாமளுந்தானே சாப்பிடுறோம்? அந்தச் சக்தி நமக்கு வராதா அம்மா?"

ஆச்சி கேட்டது. அவர் வீட்டுச் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு இட்லிச் சட்டியில் ஆவி காட்டினால், உறையும் ஊற்றாமல், முட்டையும் சேர்க்காமல் அப்படியே கட்டியாகி, கத்தி போட்டால் துண்டு துண்டாக வருகிறதே, சாதாரணப் பால் ஏன் அப்படி ஆவதில்லை? சீம்பாலில் சூட்டில் திரளும் புரதம் மிக அதிகம். அதில் பெரும்பங்கு எதிர்ப்பொருள். முதல் கறவைச் சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்பொருளுக்கு மேல் இருந்தால் நல்ல சீம்பால் என்பது கணக்கு. சாதாரணப் பாலில் ஒரு கிராம்கூட இருக்காது. எதிர்ப்பொருளைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் அந்தத் துண்டைப் பாருங்கள்.

ஆனால் கட்டியாகிவிட்டது என்றால் உருக்குலைந்துவிட்டது என்று பொருள். இனி அது எந்தக் கிருமியையும் பிடிக்காது. காய்ச்சாமல் குடித்தாலும் நம் குடலின் வாசல் எப்போதோ மூடியாயிற்று, ரத்தத்துக்குள் போகாது. பச்சையாகக் குடிப்பதால் மாட்டிலிருந்து புரூசெல்லா போன்ற நோய் வரும் ஆபத்துதான் மிச்சம். ருசிக்குச் சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும். கன்றின் பங்கு போக மிஞ்சியதில் செய்யுங்கள். முதல் கறவை முழுக்கக் கன்றுக்கு, இரண்டாம் நாள் கறவையில் பலகாரம் என்று எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

"இது நல்ல சீம்பாலா இல்லையான்னு பார்த்தாலே தெரியுமா?"

கெட்டியாக மஞ்சளாக இருந்தால் நல்லது என்பார்கள். பெரும்பாலும் சரிதான், எப்போதும் சரியில்லை. கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்க ஆலையில் வைத்திருக்கும் பிரிக்ஸ் கருவி இதற்கும் உதவும். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரியும். 22க்கு மேல் இருந்தால் நம்பிக் கொடுக்கலாம். ஒரு சொசைட்டிக்கு ஒன்று வாங்கி வைத்தால் எல்லோருக்கும் போதும்.

சீம்பால் நன்றாக வருவதும் வராததும் கன்று போடுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பசுவின் ரத்தத்திலுள்ள ஐஜிஜி1 என்ற எதிர்ப்பொருளை மடி அள்ளிச் சேர்க்கத் தொடங்கும். பசுவின் ரத்தத்தில் அதன் அளவு குறையும் அளவுக்கு அள்ளும். தன்னிடம் உள்ளதைத்தான் கொடுக்கிறது. அதனால் கடைசி இரண்டு மாதம் பால் வற்ற விடுங்கள், தீவனத்தைக் குறைக்காதீர்கள், மடி கனக்கிறதே என்று ஈனுமுன் கறக்காதீர்கள். கறந்து கொட்டினால் கன்றின் சொத்தைக் கொட்டியதாகும்.

"நாங்க வச்சிருக்கது புலிக்குளம். நாட்டு மாட்டுக்கு எதுக்கு ஊசி?"

கிடைமாட்டுக்காரர்கள் இதை உரிமையோடு கேட்பார்கள். புலிக்குளம் மாடு நம் சிவகங்கை, மதுரைச் சீமையின் பெருமை. வெயிலையும் உண்ணியையும் தாங்குவதில் சீமைமாடு அதற்குப் பக்கத்தில் நிற்காது. கிடையில் பிறக்கும் கன்று யாரும் கட்டி வைக்காததால் தானே எழுந்து மடியைத் தேடிக் குடித்துவிடுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் மூன்றாவது பதிலில் சொன்னது எல்லா மாட்டுக்கும் பொருந்தும். புலிக்குளம் கன்றும் எதிர்ப்பொருள் இல்லாமல்தான் பிறக்கிறது. முன்பின் பார்க்காத கிருமிக்கு எதிராக எந்த இனத்திடமும் எதிர்ப்பொருள் தயாராக இருக்காது. வெக்கை நோயை, அதாவது ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோயை, நினைவு வைத்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். நாட்டு மாடுகள்தான் அன்று மந்தை மந்தையாகப் போயின. அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது தடுப்பூசியால்தான். கோமாரி வந்தாலும் நாட்டு மாடு சில நாளில் தேறிவிடலாம். அதற்குள் நாலு ஊர் மேய்ச்சலில் பரப்பியிருக்கும்.

"எனக்குச் சின்னப் புள்ளையில ஒருக்கா அம்மை குத்துனாக, தழும்பு இன்னம் இருக்கு. மாட்டுக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரி ஊசியா?"

நியாயமான கேள்வி. அம்மைக்குக் குத்தியது உயிருள்ள வைரஸ். மாட்டம்மை வந்த பால்காரப் பெண்ணின் கொப்புளத்திலிருந்து 1796இல் எட்வர்ட் ஜென்னர் எடுத்த அதே வழியில் வந்தது. லத்தீனில் பசுவுக்கு வாக்கா என்று பெயர். வாக்சின் என்ற சொல்லே பசுவிடமிருந்து வந்ததுதான். உயிருள்ள வைரஸ் உடம்பில் கொஞ்சம் பெருகும். பி செல்களுக்கு நீண்ட பயிற்சி கிடைக்கும். நினைவு பல பத்தாண்டுகள் நிற்கும். கோமாரி ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். பயிற்சி குறைவு, எதிர்ப்பொருள் சில மாதங்களில் இறங்கிவிடும்.

இன்னொன்று. நினைவுச் செல்கள் விழித்துப் பெருகச் சில நாளாவது வேண்டும். கோமாரி வைரஸ் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. இரண்டே நாளில்கூட வாயில் கொப்புளம் வந்துவிடும். அதனால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எப்போதும் தயாராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதோடு கோமாரி வைரஸில் ஏழு வகை உண்டு. ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றொன்றிலிருந்து காக்காது. நம் நாட்டு ஊசியில் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகை இருக்கிறது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம். முகாமைத் தவற விடாதீர்கள்.

"ஊசி போட்டா பால் குறையுது. மஞ்சுவிரட்டுக் காளைக்குப் போட்டா வேகம் குறையுமா?"

ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் பால் குறைவு இருக்கலாம், திரும்பி வந்துவிடும். உடம்பு ஊசிக்குப் பதில் கொடுக்கிறது என்பதற்கு அடையாளம் அது. காளைக்குத் தைப்பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். சிராவயலிலோ அரளிப்பாறையிலோ பல ஊர்க் காளைகள் மூச்சு முட்ட நெருங்கி நிற்கும் நாளில் எதிர்ப்பொருள் நல்ல அளவில் இருக்கும்.

"அப்ப பொறந்ததும் கன்னுக்கும் போட்டுரலாமே? ஏன் நாலு மாசம் கழிச்சு வரச் சொல்றாக?"

சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பொருள் கன்றின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசியில் உள்ள வைரஸை அதுவே பிடித்து அப்புறப்படுத்திவிடும். கன்றின் சொந்த பி செல்கள் பார்க்கவே வாய்ப்பிருக்காது. தாயின் எதிர்ப்பொருள் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நாலு மாதத்தில் அது இறங்கியிருக்கும், கன்றின் சொந்தச் சேனையும் தேறியிருக்கும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது கட்டாயம். முதலாவது அறிமுகம், இரண்டாவதில்தான் அளவு ஏறும்.

"மேடம், மாட்டுல எதிர்ப்பொருளுக்கான மரபணு ரொம்பக் கம்மின்னு படிச்சேன். அப்ப இத்தனை கோடிக் கிருமிக்கு எப்படிப் போதும்?"

காரைக்குடியில் படிக்கும் மாணவி கேட்டது. எதிர்ப்பொருளின் நுனி வி, டி, ஜே என்ற மரபணுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தைத்து உருவாகிறது. ஒவ்வொரு எதிர்ப்பொருளும் கனச்சங்கிலி, லேசான சங்கிலி என்ற இரண்டு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. மனிதரிடம் வேலை செய்யும் கனச்சங்கிலி வி துண்டுகள் நாற்பதுக்கு மேல். மாட்டிடம் சுமார் ஒரு டஜன்தான், அவையும் ஒன்றையொன்று ஒத்தவை. லேசான சங்கிலியிலும் மனிதர் கப்பா, லாம்ப்டா என்ற இரண்டு வகைகளையும் தாராளமாகப் பயன்படுத்த, மாடு பத்தில் ஒன்பதுக்கு மேல் லாம்ப்டாவையே நம்பியிருக்கிறது.

ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறைக்குப் போயிருப்பாய். அச்சு நாலைந்துதான் இருக்கும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் சாயக் கலவையை ஒவ்வொரு அறையிலும் ஊற்றும் கைதான் ஒவ்வொரு கல்லையும் வேறாக்குகிறது. மாட்டின் பி செல் அந்தக் கை. எய்டு என்ற சுருக்கப்பெயருள்ள ஒரு நொதி, தைத்து முடித்த மரபணுவிலேயே எழுத்துகளை மாற்றிக்கொண்டே போகும். இரண்டாவது பதிலில் சொன்ன குடல் பட்டையில் இது கன்றின் இளவயதிலேயே நடக்கிறது. மனிதரில் பெரும்பாலும் கிருமியைச் சந்தித்த பிறகே நடக்கும் திருத்தம் இது.

"மாட்டு ஆன்டிபாடியில ஏதோ குச்சி மாதிரி நீண்டிருக்காமே?"

உலகத்து ஆய்வாளர்களைப் பசுவின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது இதுதான். எதிர்ப்பொருளின் நுனியில் கிருமியைத் தொடும் வளையங்கள் உண்டு. கனச்சங்கிலியின் மூன்றாவது வளையம் மனிதரில் சராசரியாகப் பதினைந்து அமினோ அமில நீளம். மாட்டின் எதிர்ப்பொருள்களில் பத்தில் ஒன்றில் இது எழுபது வரை போகும். 2013இல் இதன் வடிவத்தைப் படம் பிடித்துக் காட்டினார்கள்: மெல்லிய நீளக் காம்பு, அதன் உச்சியில் ஒரு சிறு குமிழ். இவ்வளவு நீளம் ஒரே ஒரு பெரிய டி துண்டிலிருந்து வருகிறது. குமிழை உள்ளே கந்தகப் பிணைப்புகள் கட்டி வைக்கின்றன. எய்டு நொதி எழுத்தை மாற்றும்போது அந்தக் கட்டுகளின் இடமும் மாறி, குமிழின் உருவமே மாறிவிடும்.

என்ன பயன்? பெரிய வீடுகளில் குறுகிய வாய் ஊறுகாய் ஜாடி இருக்கும். கை போகாது. நீளக் காம்புக் கரண்டி அடிவரை போய் ஒரு துண்டு மாங்காயை எடுத்து வரும். மற்ற எதிர்ப்பொருள் எட்ட முடியாத பள்ளத்துக்கு மாட்டின் குமிழ் போய்த் தொடும்.

"அப்ப எய்ட்ஸுக்கு மாட்டுல மருந்து கண்டுபுடிச்சாச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, நெசமா?"

பாதி நிஜம். எச்.ஐ.வி தன் மேற்புரதத்தைச் சர்க்கரைச் சங்கிலிகளால் மூடி ஒளித்துக்கொள்ளும். மனிதரில் பல வகை எச்.ஐ.வியையும் தடுக்கும் எதிர்ப்பொருள் உருவாக வருடங்கள் ஆகும், அதுவும் சிலருக்குத்தான். 2017இல் வெளியான ஆய்வில் நாலு கன்றுகளுக்கு அந்த மேற்புரதத்தைப் போலச் செய்த புரதத்தை ஊசியாகப் போட்டார்கள். நாலும் பல வகை வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செய்தன. விரைவான கன்றில் 42 நாளிலேயே அது தெரிந்தது. ஒரு கன்றின் ரத்தநீர் 381ஆம் நாளில் 117 வகை வைரஸில் 96 சதவீதத்தைத் தடுத்தது. அதிலிருந்து பிரித்த ஓர் எதிர்ப்பொருளின் வளையம் 60 அமினோ அமில நீளம். முந்தைய பதிலில் சொன்ன ஜாடிக் கரண்டி அதுதான்.

எல்லாம் ஆய்வகக் குழாயில் பார்த்தது. மாட்டின் எதிர்ப்பொருளை அப்படியே மனிதருக்குச் செலுத்தினால் நம் உடம்பு அதையே அந்நியமாகப் பார்த்து எதிர்க்கும். குமிழை மட்டும் தனியே எடுத்து மருந்தாக்க முடியுமா என்று முயல்கிறார்கள். பாலில் அந்த எதிர்ப்பொருள் வரும், குடித்தால் போதும் என்று அனுப்புபவர்களிடம் சீம்பால் பலகாரத்துக்கான பதிலைக் காட்டுங்கள்.

"பி செல் எதிர்ப்பொருளைத் தன் மேலயும் ஒட்டி வச்சிருக்கு, வெளியவும் அனுப்புது. ஒரே மரபணுவுல ரெண்டும் எப்படி மேடம்?"

அதே மாணவி. மரபணுவிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ நகலை எங்கே வெட்டி முடிப்பது என்பதில் இருக்கிறது விஷயம். நீளமாக எடுத்தால் கடைசியில் கொழுப்புச் சவ்வில் செருகிக்கொள்ளும் ஒரு வால் சேரும். அந்த எதிர்ப்பொருள் செல்லின் மேல் உணர்கொம்பாக நிற்கும். முன்னாலேயே வெட்டி முடித்தால் வால் இல்லை. வெளியே மிதந்து போகும். பிளாஸ்மா செல்லாக மாறும்போது செல் இரண்டாவது முறைக்குத் தாவி, உள்ளே புரதம் நெய்யும் இடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும். கவட்டையின் நுனியை மாற்றாமல் பிடியை மட்டும் மாற்றி, முதலில் ஐஜிஎம், பிறகு ஐஜிஜி, ஐஜிஏ என்று வகை மாறுவது இதிலிருந்து வேறு. அங்கே செல் மரபணுவையே வெட்டி ஒட்டுகிறது. அதையும் செய்வது எய்டுதான்.

"டெஸ்ட்ல ஆன்டிபாடி பாசிட்டிவ்னு வந்துச்சு. மாட்டை வித்துரவா?"

அவசரப்படாதீர்கள். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் கிருமியைப் பார்த்திருக்கிறது என்றுதான் பொருள். ஊசியில் பார்த்ததா, நோயில் பார்த்ததா என்று பிரிக்க வேண்டும். கோமாரியில் அதற்கு வழி உண்டு. வைரஸ் பெருகும்போது மட்டும் உண்டாகும் சில புரதங்கள் சுத்தப்படுத்திய தடுப்பூசியில் இருக்காது. அவற்றுக்கு எதிர்ப்பொருள் இருந்தால் நோய் வந்துபோயிருக்கிறது. புரூசெல்லா ஊசியைக் கிடேரிக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் மட்டும், வாழ்நாளில் ஒருமுறை போடுவதற்கும் இது ஒரு காரணம்: வயது கூடிப் போட்டால் எதிர்ப்பொருள் நீண்ட நாள் நின்று பின்னாளைய சோதனையைக் குழப்பும்.

கன்றில் இதைவிடச் சிக்கல். சீம்பால் குடித்த கன்றின் எதிர்ப்பொருள் தாயுடையது, அதை வைத்துக் கன்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சீம்பால் குடிக்குமுன் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், கருவிலேயே கிருமி தாக்கி, கன்றின் பி செல்களே அதற்குப் பதில் கொடுத்திருக்கின்றன. பி.வி.டி என்ற மாட்டுக் கழிச்சல் வைரஸ் இதற்கு நேர்மாறு. சினையின் முதல் நாலு மாதத்துக்குள் கருவைப் பிடித்தால், அதைத் தன் உடம்பின் பகுதி என்றே கருவின் எதிர்ப்பு மண்டலம் எண்ணிவிடும். பிறந்த பின்னும் எதிர்ப்பொருள் செய்யாது. சோதனையில் நெகட்டிவ், ஆனால் வாழ்நாள் முழுக்க வைரஸைப் பரப்பும். சீட்டை மட்டும் பார்த்து மாட்டை வாங்கவோ விற்கவோ கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

"எதிர்ப்பொருள் இருந்தும் உண்ணிக் காய்ச்சல்ல மாடு சாகுதே?"

எதிர்ப்பொருள் செல்லுக்கு வெளியேதான் காவல் காக்கும். உண்ணி பரப்பும் தைலேரியா என்ற நுண்ணுயிர் வெள்ளையணுவுக்குள்ளேயே போய்க் குடியேறி, அந்தச் செல்லைப் புற்றுபோலப் பெருக வைக்கும். பி செல்லும் அதில் மாட்டும். உள்ளே இருப்பதை அழிப்பது டி செல் என்ற வேறொரு வெள்ளையணுவின் வேலை. கலப்பினப் பசுவுக்குக் காய்ச்சலோடு தொடைமடிப்பில் நெறி கட்டியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலத்தில் போட்டால் கேட்கும் மருந்து இருக்கிறது.

"ராத்திரி கன்னு போட்டு தாய் செத்துப்போச்சு. சீம்பாலே இல்லை. என்ன பண்றது?"

விடியற்காலை மூன்று மணிக்கு வந்த போன் இது. முதலில் கேட்க வேண்டியது: பிறந்து எத்தனை மணி நேரம்? ஆறுக்குள் என்றால் ஊரில் அன்றோ முந்தின நாளோ கன்று போட்ட வேறு பசு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தப் பசுவின் கன்று குடித்தது போக மிச்சச் சீம்பால் இந்தக் கன்றுக்கும் அதே வேலையைச் செய்யும். ஒரே ஊர்ப் பசு என்றால் நம் தொழுவத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்பொருளும் அதில் இருக்கும்.

யாரிடமும் இல்லையென்றால் உறைய வைத்தது வேண்டும். நல்ல பசு ஈனும்போது கன்று குடித்தது போக ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதி உறைபெட்டியில் வைத்தால் சில மாதம் கெடாது. எடுத்தவுடன் அடுப்பில் வைக்காதீர்கள், இட்லிச் சட்டியில் ஆனதுதான் ஆகும். கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை முழுக்கி மெதுவாக உருக்குங்கள். ஒரு நாள் கடந்துவிட்டால் சீம்பால் ரத்தத்துக்குள் போகாது. ஆனாலும் கொடுங்கள், குடலுக்குள் கிருமி ஒட்டாமல் காக்கும். மருத்துவரிடம் சொன்னால் வேறொரு மாட்டின் ரத்தநீரை நரம்பில் ஏற்ற முடியும்.

அன்றைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பாட்டில் இருந்தது. நாலரை மணிக்கு ஒரு லிட்டர் உள்ளே போயிற்று. காளங்கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இப்போது சொசைட்டி ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று பாட்டில் இருக்கிறது. எடுப்பவர்கள் அடுத்த கன்று பிறந்ததும் ஒன்றைத் திரும்ப வைத்துவிடுங்கள்.